விருந்தாளியும் நம் தெருவும்

(உலகச் சுற்றுலா நாளையொட்டித் தியாகராய நகரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள். உலகச் சுற்றுலா அமைப்பின் சட்டதிட்டங்கள் 1970ஆம் ஆண்டு இதே நாளில் மெக்சிகோவில் ஏற்கப்பட்டன. 1980 முதல் ஆண்டுதோறும் இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். 2019இல் இதன் உலக விழாவையே நம் நாடு புதுடெல்லியில் நடத்தியது. நம் ஊரில் எப்படிக் கொண்டாடுகிறோம்? விமான நிலையத்தில் நாலு வெள்ளைக்காரர்களுக்கு மாலை போடுகிறோம், பொட்டு வைக்கிறோம், நாதஸ்வரம் வாசிக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த நாலு பேரும் வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் உண்மையான வரவேற்பு தொடங்குகிறது! மாலை போட்டது ஒரு நாள். மீதி 364 நாள் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

"சுற்றுலாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது கேளிக்கைக்காரர்கள் விவகாரமாயிற்றே" என்று நம் பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருமறை திரும்பத் திரும்ப ஏவுவதை அவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் அவர் வசதியானவராகவே இருக்கலாம். வழியில் தவித்துப்போனால் நம் செல்வத்தில் அவருக்கு உரிமை உண்டு. அப்படியிருக்க, வந்தவரின் பையிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று நம் தெருவில் கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

உஸ்மான் யார்?

இளைஞர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் தினமும் நடக்கும் சாலை உஸ்மான் சாலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் தமிழ்நாடே வந்து துணி எடுக்கும் சாலை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கல்யாணச் சாமான் வாங்க வருகிறவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் உஸ்மான். அந்த உஸ்மான் யார்? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

மூன்று கைகள். இந்தச் சாலையிலேயே கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

சர் முஹம்மது உஸ்மான். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். சென்னை மாகாண நிர்வாக சபையின் உறுப்பினர். 1934இல் சென்னை மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பை வகித்தார். கோட்டையில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய நம் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இல் அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் இவரே. 1923இல் அக்குழு கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. இன்று சித்த மருத்துவத்தைத் தமிழர் மரபு என்று மேடையில் முழங்குகிறோம். முழங்கட்டும், நல்லதுதான். அந்த மரபுக்கு அரசாங்கத்தின் கதவைத் தட்டியவர்களில் ஒரு முஸ்லிம் இருந்தார் என்பதை அவர் பெயர் தாங்கிய சாலையில் நின்றுகொண்டு சொல்ல ஓர் ஆள் இல்லை.

இதே பேட்டையில் ஹபீபுல்லா சாலை இருக்கிறது. சைதாப்பேட்டையில் பிறந்த சர் முஹம்மது ஹபீபுல்லா, வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தவர். தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் பட்ட அவதியைப் பேசித் தீர்க்க 1926இல் இந்தியக் குழு ஒன்று அங்கே போனபோது அதற்குத் தலைமை தாங்கியவர். 1934 முதல் 1936 வரை திருவிதாங்கூரின் திவான். ஏரியைத் தூர்த்து 1920களில் இந்த நகரை உருவாக்கியபோது நீதிக்கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர்களின் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டினார்கள். தியாகராயர், பனகல் அரசர் வரிசையில் உஸ்மானுக்கும் ஹபீபுல்லாவுக்கும் இடம் கொடுத்தார்கள். (மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் புகுந்தால் கோபப்படாதீர்கள். ஏரிக்கு ஞாபகசக்தி அதிகம்!)

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? "நீங்கள் இந்த ஊருக்கு எப்போது வந்தீர்கள்?" என்று நம் பிள்ளைகளிடம் கேட்கும் காலம் இது. கல்லூரியில் கேட்கிறார்கள், வாடகைக்கு வீடு தேடிப் போகும் இடத்தில் கேட்கிறார்கள். அதற்கு ஆத்திரப்பட்டுப் பதில் சொல்லி ஆவதொன்றுமில்லை. சாலையின் பெயர்ப்பலகையைக் காட்டத் தெரிந்தால் போதும். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு வழிகாட்டுவதென்றால் முதலில் நம் ஊர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுற்றுலாவின் முதல் பயணி நீங்கள்தான் தம்பி!

கல்வெட்டும் செவிவழிச் செய்தியும்

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல். 1795இல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் கட்டியது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பியதாகச் சொல்லப்படும் கட்டடம். கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்கள் அடங்கியிருக்கும் இடம். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அங்கே கல்லில் பாரசீக மொழியில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறதே, அதை நின்று பார்த்திருக்கிறீர்களா? அதன் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 1209 வரும். அது பள்ளி கட்டிய ஹிஜ்ரி ஆண்டு. இறைவனின் நினைவையும் கட்டிய ஆண்டையும் ஒரே சொற்றொடரில் அடக்கிய அந்தப் புலவர் யார் தெரியுமா? ராஜா மக்கன்லால். நவாபிடம் செயலாளராக இருந்த இந்து. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எழுத்தின் கீழேதான் நாம் தொழுது வருகிறோம்!

அதே பள்ளியில் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். மயிலாப்பூரிலிருந்து ஒரு கூட்டத்தார் உணவைச் சமைத்து எடுத்து வருவார்கள். தலையில் தொப்பி அணிந்து, வரிசையாக அமர்ந்திருக்கும் நோன்பாளிகளுக்குத் தங்கள் கையால் பரிமாறுவார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் அவர்கள். பிரிவினையின்போது சிந்து மண்ணைவிட்டு வந்த குடும்பங்களின் வழியினர். வீடும் நிலமும் இழந்து வந்தவர்கள் வெறுப்பைச் சுமந்துகொண்டு வந்திருக்கலாம். அவர்கள் அண்டாவைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். பல பத்தாண்டுகளாக வருகிறார்கள்.

மயிலாப்பூர் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. கபாலீசுவரர் கோயில் குளத்துக்கான நிலம் ஆற்காடு நவாப் கொடுத்தது என்று மயிலைவாசிகளே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கேட்கவே இனிக்கிறது. ஆனால் பயணியிடம் சொல்லும்போது ஒரு நேர்மை வேண்டும். "சொல்வார்கள்" என்பதைச் "சொல்வார்கள்" என்றே சொல்லுங்கள். கல்லில் இருப்பதைக் கல்லைக் காட்டிச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்த கதையை நாமே ஆவணம் ஆக்கினால், நம்மைப் பிடிக்காதவர் தமக்குப் பிடித்த கதையை ஆவணம் ஆக்கும்போது எந்த வாயால் கேட்பது?

இந்த நேர்மைக்கு நம் முன்னோர் ஒருவரையே காட்டுகிறேன். மொராக்கோ நாட்டு இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இந்தத் தமிழ் மண்ணுக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. விருந்தளித்து உபசரித்த சொந்தக்காரர். அப்படியிருந்தும், அந்தச் சுல்தான் சிறைபிடித்த இந்துக்களைப் பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் கொன்றதைக் கண்ணால் கண்ட பதூதா, அதை மறைக்கவில்லை. அருவருப்பான கொடுமை என்றே தம் பயண நூலில் பதிந்துவிட்டுப் போனார். சாப்பிட்ட சோற்றுக்காக அவர் பொய் எழுதவில்லை. வழிகாட்டியாக வர விரும்பும் இளைஞர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

அத்தாவின் உறை

வணிகப் பெருமக்களே, இனி உங்கள் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் கடைக்காரன் வீட்டுப் பிள்ளைதான்.

எங்கள் அத்தா இந்தப் பேட்டையில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் வருவார்கள். வாங்கிக் குவித்த புடவைகளும் பாத்திரங்களும் பழைய பெட்டியில் அடங்காதல்லவா? ஒரு நாள் பினாங்கிலிருந்து வந்த ஓர் அம்மா. பேச்சைக் கேட்டதுமே கடைப்பையன் ஆள் யாரென்று புரிந்துகொண்டான். 550 ரூபாய்ப் பெட்டிக்கு 900 சொன்னான். அந்த அம்மா பேரம் பேசவில்லை. கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பையன் என்னிடம் பெருமையாகச் சொன்னான். நானும் சிரித்தேன். அதை மறைப்பானேன்!

இரவு கணக்குப் பார்க்கும்போது அத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. "எங்கே தங்கியிருக்காங்களாம்?" என்று மட்டும் கேட்டார்கள். எழும்பூர் லாட்ஜ் ஒன்றின் பெயரைப் பையன் சொன்னான். அந்த நேரத்தில் பஸ் பிடித்துப் போனார்கள். அந்த அம்மா விமான நிலையத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். அத்தா 350 ரூபாயை ஓர் உறையில் போட்டு, மேலே "பினாங்கு அம்மா" என்று எழுதிக் கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் வைத்தார்கள். அடுத்த வருடம் வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் அந்த உறையை எடுத்துத் தூசி தட்டித் திரும்ப வைப்பார்கள். அத்தா மவுத்தான பிறகு நாங்கள் அதைப் பிரித்து, அந்த அம்மாவின் பேரில் ஓர் ஏழைக்கு ஸதகா கொடுத்தோம். பெட்டி இன்னும் பினாங்கில் எங்காவது பரண்மேல் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தியாகராய நகரைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ, அது எங்கள் கையைவிட்டுப் போன விஷயம்.

வெளியூர்க்காரரை ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கினால் கமிஷன் கொடுக்கிறோம். அந்தக் கமிஷன் யார் தலையில் விழுகிறது? வந்தவர் தலையில்தானே! விலைச்சீட்டை எல்லாப் பொருளிலும் ஒட்டுங்கள். உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளியூர்க்காரருக்கு ஒன்று என்று வேண்டாம். 2014 முதல் 2018 வரை உள்நாட்டுப் பயணிகள் வருகையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். 2018இல் மட்டும் 38 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. கையேந்திபவன்காரர், மருதாணி போடுகிறவர், செருப்பு தைப்பவர் வரை இதில் பங்கு உண்டு. பெரிய கடைகளுக்கு விளம்பரம் இருக்கிறது. நடைபாதையில் கடை விரிக்கும் நம் சகோதரருக்கு, போனவர் ஊரில் போய்ச் சொல்லும் நல்ல வார்த்தையைத் தவிர வேறென்ன விளம்பரம் இருக்கிறது?

வியாபாரம் மட்டும் போதாது, உயிரையும் பாருங்கள். 2017 மே 31 அதிகாலையில் தெற்கு உஸ்மான் சாலையில் பலமாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்து ஒரு நாளைக்கும் மேல் எரிந்தது. கட்டடத்தையே பின்பு இடித்துத் தள்ளினார்கள். வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த மாலை நேரமாக இருந்திருந்தால்? இன்றைக்கும் எத்தனை கடைகளில் படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டி? ஊரிலிருந்து வந்தவருக்குப் பின்வாசல் எது என்று எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் கடைப் படிக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அதோடு, காஞ்சிபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் காலையில் கிளம்பி வருகிற தாய்மார்கள் மாலைவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்றுகிறார்கள். கழிப்பறை இல்லை என்ற பயம். உங்கள் கடையில் ஒன்று இருக்கிறதல்லவா? "பெண்கள் பயன்படுத்தலாம்" என்று ஒரு பலகை மாட்டுங்கள். சாமான் வாங்கினால்தான் சாவி என்று சொல்லாதீர்கள்.

கிரீம்ஸ் சாலையின் பயணிகள்

பயணி என்றால் கேமரா தொங்க வருபவர் மட்டும்தானா? ஆயிரம் விளக்குப் பக்கம் கிரீம்ஸ் சாலைக்குப் போய்ப் பாருங்கள். 1983இல் அங்கே பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று திறந்த பிறகு, காலப்போக்கில் வங்கதேசத்திலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஓமனிலிருந்தும் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், மீன்குழம்பு மணக்கும் மெஸ்கள், நாள் வாடகை அறைகள் என்று அந்தப் பகுதியே மாறிப்போனது. லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, நாணய மாற்று என்று நம்மவர்கள் பலருக்கும் அது பிழைப்பு.

தாயின் கட்டிக்கு வைத்தியம் பார்க்க நிலத்தை விற்றுவிட்டு வந்திருக்கும் பிள்ளையிடம், மொழி தெரியாதவன் என்பதற்காக இரட்டை வாடகை வாங்குவது வியாபாரமா? 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு விசா சுருங்கியது. அறைகள் காலியாகக் கிடந்தன. அப்போதுதான் சிலருக்கு வந்தவரின் அருமை தெரிந்தது.

லாட்ஜ் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். "தெரிந்தவர் அனுப்பியவர்தானே, இரண்டு நாள்தானே" என்று விடாதீர்கள். ஏதாவது பிரச்சினை என்றால் விடுபட்ட அந்தப் படிவம் ஒரு நோயாளியைச் சந்தேக ஆளாக்கிவிடும். லாட்ஜ்காரரின் பெயர் வேறு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுநாள் பத்திரிகைகள் தலைப்புப் போடும். நமக்கு மற்றவர்களைவிடக் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லைதான். ஆனாலும் இருக்கட்டும்.

பக்கத்து வீதிக்கும் போங்கள்

நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மயிலாப்பூர் மாட வீதியைச் சுற்றி நடந்திருக்கிறீர்கள்? சாந்தோம் தேவாலயத்தின் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? போர்த்துக்கீசியர் கட்டிய பழைய கோயில் இருந்த இடத்தில் 1890களில் ஆங்கிலேயர் எழுப்பியது இப்போதுள்ள கட்டடம். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் நூற்றாண்டுகளைக் கடந்த ஆலமரம். அதன் நடுமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மரமாகி நிற்கின்றன. அந்தத் தோட்டத்திலேயே ஒரு சின்னப் பள்ளிவாசலும் இருக்கிறது, தெரியுமா? மார்கழியில் சென்னை முழுக்கக் கச்சேரி. அந்த இசைக்காக 2017இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. மியூசிக் அகாதெமி 1998இல் சங்கீத கலாநிதி விருதைக் கொடுத்தது யாருக்கு? நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு.

போகும் இடத்தில் அந்த இடத்துக்குரிய அடக்கம் வேண்டும். நம் பள்ளிக்குள் செருப்போடு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே போலத்தான் அவர்களுக்கும். வழிபடுகிறவரின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள்.

குப்பையைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அறுபத்துமூவர் விழாவில் மோரும் சோறும் கொடுத்த தட்டுகள் வீதியெங்கும் கிடக்கின்றன என்று நாம் பேசுவோம். ரமலான் இரவுகளில் திருவல்லிக்கேணியில் நாம் வீசிய காகித டம்ளர்கள் எங்கே போயின? 2019 ஜனவரி 1 முதல் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. நம் கடைகளின் கீழ்த்தட்டில் இன்றும் அந்தப் பை ஒளிந்திருக்கிறதா இல்லையா? மனச்சாட்சியைக் கேளுங்கள்.

பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பெருநாள் மாலையில் குடும்பத்தோடு போகிறோம். போகத்தான் வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதே மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டுத் தெருவை நோக்கி ஓடும். அந்த மாதங்களில் இரவில் அங்கே விளக்கடித்து ஆட்டம் போடாதீர்கள். அந்த மாணவர்களோடு ஓர் இரவு நடந்து பாருங்கள். நம் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருக்கட்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். தொழுகை இல்லாத நேரத்தில், மாதத்தில் ஒரு நாளாவது, அக்கம்பக்கத்தாரை அழைத்து உள்ளே உட்கார வையுங்கள். உளூச் செய்யும் இடத்தைக் காட்டுங்கள். பெண்களும் வருவார்கள், அவர்களுக்கு விளக்கிச் சொல்ல நம் சகோதரிகளே நிற்கட்டும். கேள்வி கேட்பார்கள், சில கேள்விகள் குத்தும். தேநீர் கொடுத்துப் பதில் சொல்லுங்கள். உள்ளே என்ன நடக்கிறதோ என்று வெளியே நின்று கற்பனை செய்தவர்தான் நாளை அதைப் பரப்புகிறார்.

பேச்சு போதும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை 6 மணிக்குப் பனகல் பூங்கா வாசலில் கூடுகிறோம். உஸ்மான் சாலை, ஹபீபுல்லா சாலை நடந்து பார்த்துவிட்டு, பஸ் ஏறித் திருவல்லிக்கேணி போய் அந்தக் கல்லெழுத்தின் முன் நிற்போம். ஒவ்வொருவரும் முஸ்லிம் அல்லாத ஒரு நண்பரை அழைத்து வாருங்கள். உஸ்மானைப் பற்றிப் பேசப்போவது நானில்லை. சற்றுமுன் கை தூக்கிய அந்த மூன்று பேர். தண்ணீரை வீட்டிலிருந்தே பாட்டிலில் நிரப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கடை திறக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம்.